கடைசலும் அரக்கும்: மரமும் பிளாத்திக்கும் இணைந்த வரலாறு

மரத்தாலான கலங்களும் விளையாட்டுப் பொருள்களும் பிளாத்திக்கின் வருகையினால் வழக்கொழிந்தன என்பது கைவினை வரலாறு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வழிமொழியும் கருத்தாகும். இக்கருத்து முற்றிலும் பிழையானதன்று. அச்சில் வார்த்தெடுக்கப்பட்ட குவளையும் கிண்ணமும் பொம்மையும் சந்தையை நிறைத்தபோது கடைசற் பட்டறைகள் பல தம் வாழ்வை இழந்தன என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், இக்கருத்தின் அடியில் மறைந்து கிடக்கும் எடுகோள் ஒன்று ஆராயப்படல் வேண்டும். மரம் இயற்கையானது, மரபுக்குரியது; பிளாத்திக்கு செயற்கையானது, புறத்தேயிருந்து வந்தது; ஆதலின் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை என்பதே அவ்வெடுகோள்.

வரலாறு இதற்கு மாறான செய்தியையே தருகின்றது. வெப்பத்தால் இளகி, இட்ட உருவை ஏற்று, குளிர்ந்ததும் இறுகும் பொருளை வெப்பமிளகும் பிளாத்திக்கு என்பர் அறிவியலார். அத்தகைய பொருளொன்றைத் தென்னாசியக் கடைசற்காரர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர்; அதனை மரத்தோடு இணைத்து அலங்காரக் கலங்கள் செய்தும் வந்தனர். அப்பொருளின் பெயர் அரக்கு. அதுமட்டுமன்று. மேனாட்டில் முழுமையாகச் செயற்கை முறையில் ஆக்கப்பட்ட முதற் பிளாத்திக்கு அரக்குக்கு மாற்றுத் தேடிய முயற்சியிலேயே பிறந்தது. அண்மைக் காலத்தில், மரத்தையும் செயற்கைப் பிசினையும் ஒருங்கே வார்த்துக் கடைந்து கலங்கள் செய்யும் வழக்கம் பரவியிருத்தலும் இவ்வரலாற்றின் ஒரு கட்டமேயாகும். இத்தொடர்ச்சியை எடுத்துக்காட்டி, கடைசற் கைவினையின் நலிவுக்குக் காரணம் பிளாத்திக்கு என்னும் பொருளா, அதனை உருவாக்கும் செய்முறையா என்னும் வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடைதல் என்னும் தொழில்

தமிழிலே 'கடைதல்' என்னும் வினை பல தொழில்களைக் குறித்து வழங்குகின்றது. அவற்றுள் தயிர் கடைதல், தீக்கடைதல், மரங் கடைதல் ஆகிய மூன்றும் இங்கு ஒருசேர நோக்கத்தக்கன. மத்தின் தண்டிலே கயிற்றைச் சுற்றி அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுக்கும்போது மத்து முன்னும் பின்னுமாகச் சுழல்கின்றது. தீக்கடைகோலும் கைகளாலோ கயிற்றாலோ அவ்வாறே சுழற்றப்படுகின்றது. அங்கு உராய்வு வெப்பத்தைத் தோற்றுவிக்க, அவ்வெப்பமே தீயாகின்றது. பழைய கடைசற் பொறியின் அமைப்பும் இதுவே. மரத்துண்டு இரு கூர்முனைகளுக்கிடையே கிடையாகப் பொருத்தப்படும். அதன்மேற் கயிறோ தோல் வாரோ சுற்றப்படும். உதவியாள் ஒருவர் அதன் முனைகளை மாறி மாறி இழுப்பார். அல்லது கடைபவரே ஒரு கையால் வில்லொன்றை இயக்கி மரத்தைச் சுழற்றுவார். மரம் தம்மை நோக்கிச் சுழலும் வேளையில் உளி வெட்டும். எதிர்ப்புறமாகச் சுழலும் வேளையில் உளி சற்றே விலக்கப்படும். மூன்று தொழில்களையும் ஒரே சொல்லால் வழங்கிய மொழி, அவற்றின் அடியிலுள்ள பொறிமுறை ஒன்றே என்பதையும் நமக்கு உணர்த்துகின்றது.

இப்பொறிமுறையின் பழைமைக்குத் தெளிவான சித்திரச் சான்று எகிப்திலே கிடைத்துள்ளது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த பெற்றோசிரிசு என்னும் குருவின் கல்லறைச் சுவரிலே, ஒருவர் வாரை இழுக்க மற்றவர் கருவியைப் பிடிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. மத்தியகால ஐரோப்பாவில், மேலே பொருத்திய வளைகழி ஒன்றின் மீள்விசை உதவியாளரின் இடத்தைப் பெற்றது. கால்மிதியை அழுத்தினால் மரம் ஒரு திசையிற் சுழலும்; காலை எடுத்தால் கழி நிமிர்ந்து அதனைத் திரும்பச் சுழற்றும். பின்னர்ப் பெருஞ்சில்லின் துணையோடு ஒரே திசையில் ஓயாது சுழலும் பொறிகள் வழக்கிற்கு வந்தன. நீராவியும் மின்சாரமும் அவற்றுக்கு வேகத்தை அளித்தன.

இவை அனைத்திலும் மாறாத இயல்பு ஒன்றுண்டு. சுழலும் மரத்தின்மீது எதனை அழுத்தினும் அவ்விடம் சூடேறும். சாதாரண மரக்கடைசலில் இவ்வெப்பம் ஓர் இடையூறாகும். அது மரத்தைக் கருக்கும். உளியின் பதத்தையும் கெடுக்கும். அரக்குக் கடைசலிலோ இவ்வெப்பமே வேண்டப்படுவது. இடையூற்றையே கருவியாக்கிக் கொண்டமை தென்னாசியக் கடைசற்காரரின் தனிச் சிறப்பு எனலாம்.

அரக்கின் இயல்பு

அரக்கு மரத்திலிருந்து வடியும் பிசினன்று. பலாசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கொம்புகளில் ஒட்டி வாழ்ந்து, அவற்றின் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சியினம், தன்னையும் தன் குஞ்சுகளையும் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருளே அது. கோடிக்கணக்கான பூச்சிகளின் சுரப்பு ஒன்றிணைந்து கொம்பைச் சுற்றி மேலோடாக இறுகுகின்றது. கொம்போடு வெட்டியெடுக்கப்படும் நிலையில் அதனைக் கொம்பரக்கு என்பர். அதனை உடைத்து, கழுவி, சாயத்தை நீக்கிய பின் உருக்கி மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவலைப் போன்ற செதில்கள் கிடைக்கும். அவலரக்கு எனத் தமிழிலும் செல்லாக்கு என மேனாட்டிலும் வழங்குவது இதுவே.

அரக்கிலிருந்து இரு பயன்கள் பெறப்பட்டன. கழுவும்போது வெளியேறும் செஞ்சாயம் ஒன்று. எஞ்சும் பிசின் மற்றொன்று. சங்கச் செய்யுள்களிலே செந்நிறத்துக்கு அரக்கு உவமையாக வருதல் அதன் நிறச் சிறப்பைக் காட்டுவது. பாண்டவரை எரித்தழிக்க வாரணாவதத்திலே அமைக்கப்பட்டதாகப் பாரதம் கூறும் அரக்கு மாளிகை, அப்பிசினின் எளிதில் தீப்பற்றும் இயல்பை அக்காலத்தவர் நன்கறிந்திருந்தமையைக் காட்டுவது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் முதலிற் பெரிதும் நாடியது சாயத்தையேயாகும். 1856இல் முதலாவது செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து வந்த பதின்வருடங்களில் அச்சாய வணிகம் வீழ்ச்சியுற்றது. ஆயினும் பிசினுக்கான தேவை பெருகியது. மதுசாரத்திற் கரைத்த அரக்கு மேனாட்டு மரத்தளவாடங்களுக்கு மெருகாகப் பூசப்பட்டது. இவ்வாறு, ஒரு செயற்கைப் பொருளால் ஒரு பயனை இழந்த அரக்கு, மற்றொரு பயனால் உலகச் சந்தையில் நிலைபெற்றது. அந்தப் பயனுக்கும் பின்னர் ஒரு செயற்கைப் போட்டி எழுந்தமையைக் கீழே காண்போம்.

சுழலும் மரத்தில் உருகும் நிறம்

அரக்கைக் கடைசலோடு இணைக்கும் முறை எளியதாகத் தோன்றினும் நுட்பம் மிக்கது. அரக்கை மெல்லச் சூடாக்கி, சாதிலிங்கம், அரிதாரம், அவுரி, விளக்குக்கரி முதலிய நிறப்பொருள்களை அதனோடு சேர்த்துப் பிசைந்து, கோல்களாக உருட்டிக்கொள்வர். மரம் முதலில் வேண்டிய வடிவிற் கடையப்பட்டு வழவழப்பாக்கப்படும். பின்னர், அது வேகமாகச் சுழலும்போது அரக்குக்கோல் அதன்மீது அழுத்தப்படும். உராய்வினாற் பிறக்கும் வெப்பம் கோலின் நுனியை உருக்க, நிறம் மரத்திலே படலமாகப் படிகின்றது. அடுத்து, தாழை ஓலை அல்லது பனையினத்து ஓலை ஒன்றை மடித்து அழுத்திப் பிடிப்பர். அவ்வழுத்தத்தினாற் படலம் மீண்டும் இளகி, ஒரே சீராகப் பரவி, கண்ணாடி போன்ற மினுக்கைப் பெறுகின்றது.

இங்கே தூரிகை இல்லை, அடுப்பு இல்லை, உலரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. கலத்துக்கு வடிவம் தரும் அதே சுழற்சியே அதற்கு நிறத்தையும் மினுக்கையும் தருகின்றது. அழுத்தம் குறைந்தால் அரக்கு உருகாது, மிகுந்தால் கருகும். மரம் ஈரமாக இருந்தால் படலம் நாளடைவில் உரிந்துவிடும். இவற்றை அளக்கும் கருவி கடைபவரின் கையொன்றே. மேலும், அரக்கு மீண்டும் இளகவல்லது ஆதலின் தேய்ந்துபோன கலத்தைத் திரும்பவும் பொறியில் ஏற்றிப் புதுப்பிக்கலாம். நெடுநேரம் மிகுந்த வெப்பத்தில் வைத்தால் மட்டுமே அது மீளாதபடி இறுகிவிடும். மதுசாரத்திற் கரைதலும், சூடான உணவைத் தாங்காமையும் அதன் குறைபாடுகளாகும். அதனால் இக்கலங்கள் சமையலுக்கன்றி, குங்குமச் சிமிழ், செப்பு, பேழை, பொம்மை என்னும் வகைகளாகவே பெரிதும் அமைந்தன.

இம்முறை இந்தியாவின் பல பகுதிகளில் வேரூன்றியுள்ளது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளைத் திப்பு சுல்தானின் ஆதரவோடு தொடர்புபடுத்தும் மரபு ஒன்றுண்டு. ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்கா இன்னொரு நிலையமாகும். இவ்விரு இடங்களிலும் மிருதுவான வெட்பாலை மரமே பெரிதும் கடையப்படுகின்றது. குசராத்தின் சங்கேடாவில் தேக்கினாற் செய்த கட்டில், ஊஞ்சல் முதலியவற்றின் கால்களிலே வெள்ளீயப் பூச்சால் கோலமிட்டு, அதன்மேல் அரக்கேற்றுவர். தமிழகத்தின் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுமியரின் விளையாட்டுச் சமையலறையை நிறைத்தவை. இடங்கள் வேறாயினும், சுழற்சியின் வெப்பத்தால் அரக்கை மரத்தில் ஏற்றும் அடிப்படை முறை எங்கும் ஒன்றேயாகும்.

இலங்கை மரபு

இலங்கையில் இக்கலை 'லாக்சா' என்னும் பெயரால் வழங்குகின்றது. இத்தீவின் அரக்கு வளத்துக்கு ஒரு தாவரப் பெயரே சான்றாகும். சிங்களத்தில் கெப்பெட்டிய என வழங்கும் சிறுமரத்துக்கு, அரக்கைத் தருவது என்னும் பொருள்பட 'குரோட்டன் லக்சிபர்' எனத் தாவரவியலார் பெயரிட்டுள்ளனர்.

இம்மரபு பற்றி விரிவாக எழுதியவர் ஆனந்தக் குமாரசுவாமி ஆவார். 1877இல் கொழும்பிற் பிறந்து, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளியல் அளவையின் பணிப்பாளராகக் கடமையாற்றிய இவ்வறிஞர், பாறைகளை ஆராயச் சென்ற கிராமங்களில் அருகிவந்த கைவினைகளையும் கண்டறிந்து குறித்துக்கொண்டார். அதன் பயனாக 1908இல் வெளிவந்ததே 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். வில்லியம் மொறிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலே 425 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்ட அந்நூலில், அரக்கு வேலையும் இடம்பெற்றுள்ளது. அரக்கு வேலை செய்தோர் 'ஈ வடுவோ', அதாவது அம்பு செய்யும் தச்சர், என்னும் பெயரைத் தாங்கியிருந்தனர். அம்பின் தண்டும் ஈட்டியின் பிடியும் செய்தோரே பின்னர் ஆலவட்டக் காம்பு, கொடித்தண்டு, ஊன்றுகோல், ஏட்டுச்சுவடியின் மேற்பலகை முதலியவற்றுக்கு அரக்கேற்றுவோராயினர்.

இலங்கையின் அரக்கு வேலை இருவகைப்படும். 'பிரலு' வேலை கடைசற் பொறியிற் செய்யப்படுவது. தென்னிலங்கையில் தங்காலைக்கு அண்மையிலுள்ள அங்கல்மடுவ இதற்குப் பேர்பெற்றது. 'நியபொத்து' வேலை கடைசற் பொறியின்றி நகத்தாற் செய்யப்படுவது. மாத்தளைப் பகுதியின் ஹப்புவிடக் கிராமத்தோடு தொடர்புற்றது. பின்னையதில், கரித்தணலின்மேல் இளகவைத்த அரக்கு நூலிழை போல இழுக்கப்பட்டு, சூடாக்கிய மரத்தின்மீது ஒட்டப்படுகின்றது. இழையை வேண்டிய அளவிற் கிள்ளித் துண்டிப்பது பெருவிரல் நகமே. கொடிகளும் இதழ்களும் புள்ளிகளும் இவ்வாறு ஒவ்வோர் இழையாக அமைகின்றன.

இவ்விரு வகைகளையும் ஒப்பிடுகையில் ஓர் உண்மை புலனாகும. கடைசற் பொறி வட்டங்களையும் வரைகளையும் விரைவாகத் தரும். கொடியையும் இதழையும் அதனால் தரவியலாது. நகவேலை எவ்வடிவத்தையும் தரும். ஆனால் நாட்கணக்கிற் காலத்தை விழுங்கும். ஆகவே பொறி, கை என்னும் இரண்டும் இம்மரபிலே ஒன்றையொன்று விலக்கவில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய எல்லையை அறிந்து இயங்கின. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது அரச பட்டறைகளும் அவற்றோடு கூடிய மானியங்களும் தளர்ந்தன. கொடித்தண்டும் ஆலவட்டமும் தேவைப்பட்ட அரசவையே மறைந்தபின், கைவினைஞர் கோயில்களையும் உள்ளூர்ச் சந்தையையும், பிற்காலத்தில் உல்லாசப் பயணிகளையும் நம்பி வாழவேண்டியவராயினர். இலங்கையின் அரக்கு வேலைக்கு முதல் அடி பிளாத்திக்கால் விழவில்லை, ஆதரவின் இழப்பினால் விழுந்தது என்பது இங்குக் கருதற்பாலது.

அரக்கிலிருந்து ஆலைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே அரக்குக்கு மேனாட்டில் ஒரு புதிய பயன் கண்டறியப்பட்டது. 1854இல் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த சாமுவேல் பெக் என்பார், அவலரக்கையும் மரத்தூளையும் கலந்து சூடாக்கி, உருக்கு அச்சில் அழுத்தி, நிழற்படங்களை வைக்கும் சிறு பேழைகளைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சு நாட்டு இலெப்பாசு என்பார் கருங்காலி முதலிய மரங்களின் தூளை விலங்கின் குருதிப் புரதத்தோடு சேர்த்து அழுத்தி 'இறுக்கிய மரம்' என்னும் பொருளை ஆக்கினார். இவை சிற்ப வேலைப்பாடுடைய மரம்போலவே தோற்றமளித்தன. ஆனால் அவற்றைச் செதுக்கியவரோ கடைந்தவரோ எவருமிலர். ஒரு முறை ஓர் அச்சைச் செதுக்கினாற் போதும். அதன்பின் ஆயிரம் பேழைகளை அழுத்தியெடுக்கலாம்.

இங்கேதான் வரலாற்றின் திருப்பம் நிகழ்ந்தது. பெக்கின் பேழையிலுள்ள பொருள்கள் சன்னபட்டணத்துச் செப்பிலுள்ளவையே: மரமும் அரக்கும். இரண்டும் இயற்கைப் பொருள்கள். மாறியது அவற்றை இணைத்த முறை மட்டுமே. கடைசற்காரரின் கையில் மரம் முழுமையாக நின்றது, அரக்கு அதன் தோலாயிற்று. அச்சிலோ மரம் தூளாயிற்று, அரக்கு அதனை ஒட்டும் பசையாயிற்று. கைத்திறனை வேண்டாத உற்பத்தி, செயற்கைப் பிளாத்திக்கு தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, அரக்கையும் மரத்தையும் கொண்டே தொடங்கிவிட்டது.

பின்னர் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. யானைத் தந்தத்துக்கு மாற்றாக 1869 அளவில் ஐயற்று என்பார் செலுலோயிட்டை உருவாக்கினார். 1890களின் நடுவிலே எமில் பெர்லினர் தமது தட்டையான இசைத்தட்டுகளை அரக்குக் கலவையால் அச்சிடத் தொடங்கினார். 1908இல் கல்கத்தாவிலும் இசைத்தட்டு ஆலை நிறுவப்பட்டது. நம் முன்னோர் கேட்டு மகிழ்ந்த 78 சுழற்சித் தமிழ் இசைத்தட்டுகள் அனைத்தும் பூச்சியின் சுரப்பாகிய அரக்கிற் பதிந்த ஒலிகளே. 1948இல் வைனைல் நெடுந்தட்டு வெளிவந்த பின்னரே அரக்கு அத்துறையிலிருந்து விலகியது.

மின்தொழிலின் வளர்ச்சியோ அரக்குக்கு அடங்காத தேவையை உண்டாக்கியது. மின்னைக் கடத்தாத பூச்சாக அரக்கு வேண்டப்பட்டது. ஆனால் பூச்சிகள் ஆலையின் வேகத்துக்குச் சுரக்கமாட்டா. இந்நிலையில், பெல்சியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இலியோ பேக்கலண்டு என்னும் இரசாயனவியலார், பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்துச் செயற்கை அரக்கு ஒன்றைச் செய்ய முயன்றார். தாம் முதலில் ஆக்கிய கரையக்கூடிய பிசினுக்குப் 'புதிய அரக்கு' எனப் பொருள்படும் 'நோவொலாக்' என்னும் பெயரையே அவர் இட்டமை நோக்கற்பாலது. மரத்துக்குள் இப்பொருளை ஊட்டி அதனை வலுப்படுத்துவதும் அவருடைய தொடக்க முயற்சிகளுள் ஒன்றாயிருந்தது. இம்முயற்சிகளின் முடிவிலே 1907இல் பிறந்து 1909இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே பேக்கலைற்று ஆகும். அது வெப்பத்தால் ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாதது. அதன் நொறுங்குமியல்பைக் குறைக்க அதனோடு சேர்க்கப்பட்ட நிரப்பு மரத்தூளே. வானொலிப் பெட்டிக்கும் தொலைபேசிக்கும் உடலாக அமைந்த பேக்கலைற்று, பெக்கின் பேழையின் நேரடி வழித்தோன்றல் எனலாம்.

செயற்கைப் பொருளின் செல்வாக்கு அரக்குக் கடைசலுக்குள்ளும் புகாதிருக்கவில்லை. அவுரியும் அரிதாரமும் இருந்த இடத்தில் ஆலைச் சாயங்கள் வந்தன. இவை மலிவானவை, பளிச்சென்றவை. எனினும் குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள்களுக்கு எல்லாச் சாயமும் பொருந்தாது. பழைய நிறப்பொருள்கள் யாவும் தீங்கற்றவை என்பதும் இதன் பொருளன்று. சாதிலிங்கம் பாதரசத்தையும் அரிதாரம் ஆசனிக்கையும் கொண்டவை. இயற்கை என்பதும் நன்மை என்பதும் ஒன்றல்ல. ஏட்டிகொப்பாக்காவிலே விதை, பட்டை, வேர் முதலியவற்றிலிருந்து பெறும் தாவரச் சாயங்களை அரக்கோடு இணைக்கும் முறையை வளர்த்தெடுத்த சி. வி. ராஜு 2023இல் பத்மசிறீ விருதைப் பெற்றார். அவ்வூர்ப் பொம்மைகளுக்கு 2017இல் புவியியற் குறியீடும் கிடைத்தது. மரபு அப்படியே பேணப்பட்டதனாலன்றி, மரபுக்குள் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்ததனாலேயே இவ்வூர் புத்துயிர் பெற்றது.

பிசினும் மரமும் மீண்டும் பொறியில்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எபொக்சி, பொலியெசுத்தர் முதலிய திரவப் பிசின்கள் சந்தைக்கு வந்தன. 1946இல் சுவிற்சர்லாந்தில் அறிமுகமான அரல்டைற்று என்னும் ஒட்டுப்பொருள் நம் நாட்டு வீடுகளிலும் அறிமுகமானதே. வார்ப்பதற்கு உயர்ந்த வெப்பமோ உருக்கு அச்சோ வேண்டாதவை இவை. பிசினையும் வன்மையாக்கியையும் கலந்தால் அறை வெப்பநிலையிலேயே இரசாயனத் தாக்கம் நிகழ்ந்து கலவை இறுகிவிடும். அதே காலப்பகுதியில் அமெரிக்காவிலே யேம்சு பிரெஸ்ரினி போன்றோர் கடைந்த கிண்ணங்கள் கலைப்பொருள்களாக மதிக்கப்படலாயின. 1986இல் அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் நிறுவப்பட்டது. மரத்தையும் பிசினையும் சேர்த்துக் கடையும் முறை இச்சூழலிலே வளர்ந்தது.

வெடித்ததும் உளுத்ததும் முடிச்சு மிகுந்ததுமான மரம் பழைய கடைசற்காரருக்கு விறகாகவே பயன்பட்டது. இப்புதிய முறையில் அத்தகைய மரமே விரும்பித் தேடப்படுகின்றது. நன்கு உலர்த்திய மரத்துண்டை ஓர் அச்சில் வைத்து, நிறமூட்டிய பிசினை அதன் வெடிப்புகளிலும் சுற்றிலும் ஊற்றுவர். காற்றுக்குமிழிகள் ஒடுங்கும்பொருட்டு அழுத்தக் கலத்திலே இறுகவிடுவர். உளுத்த மரமாயின் வெற்றிடத்தில் அதன் நுண்டுளைகளிலுள்ள காற்றை அகற்றிப் பிசினை ஊட்டுவர். பேக்கலண்டின் பழைய எண்ணமே இது. பின்னர் அக்கட்டியைப் பொறியில் ஏற்றிக் கலமாகக் கடைவர். மரத்தின் ஒளிபுகாத நாரும் பிசினின் ஒளிபுகு நிறமும் ஒரே வளைவிலே சந்திக்கும் தோற்றமே இக்கலங்களின் அழகாகும்.

இவ்விணைப்புக்கும் அதற்குரிய இடர்கள் உள. மரம் காற்றின் ஈரத்துக்கேற்பப் பருத்தும் சுருங்கியும் அசையும், பிசின் அசையாது, ஆகவே ஈரம் மிகுந்த மரம் நாளடைவிற் பிசினை விட்டு விலகும். பிசினின் இறுகல் தாக்கமே வெப்பத்தை வெளியிடுவதாகையால், தடிப்பாக ஒரே முறையில் ஊற்றினால் உட்புறம் சூடேறி வெடிக்கும். கடைசற்காரர் அரக்கில் வெப்பத்தை உண்டாக்க முயன்றார். இங்கே வெப்பத்தை அடக்க முயல்கிறார். இறுகாத பிசின் தோலிலே ஒவ்வாமையை உண்டாக்கவல்லது. கடையும்போது எழும் நுண்டூள் நுரையீரலுக்குத் தீங்கானது. உடைந்த கலத்தை அரக்குக் கலம்போல மீள உருக்கிப் புதுப்பிக்கவும் இயலாது. கழித்த துண்டு மண்ணோடு மட்காது. இக்குறைகள் சிறியனவல்ல.

ஆயினும், வரலாற்று நோக்கில் இம்முறையின் முதன்மையான செய்தி வேறொன்றாகும். அச்சு வார்ப்பினால் வெளியேற்றப்பட்ட கடைசற்காரர், பிளாத்திக்கைக் கொண்டே பொறியின் முன் மீண்டும் வந்து நிற்கின்றார். இங்கே அச்சு கலத்தின் வடிவைத் தருவதில்லை; கட்டியை மட்டுமே தருகின்றது. வடிவம் உளியிலும் கையிலும் பிறக்கின்றது. மரமும் தூளாகாமல் மரமாகவே நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று வகை உறவுகள் தெளிவாகின்றன. முதலாவது, சுழற்சியின் வெப்பத்தால் அரக்கு மரத்தின் தோலாகும் உறவு. அதில் கைத்திறனே அனைத்தும். இரண்டாவது, மரம் தூளாகி அச்சுக்குள் மறையும் உறவு. அதிற் கைத்திறனுக்கு இடமில்லை. மூன்றாவது, மரமும் செயற்கைப் பிசினும் ஒரே கட்டியாகிக் கடையப்படும் உறவு. அதிற் கைத்திறன் மீள்கின்றது. முதலிரண்டிலும் பொருள்கள் ஒன்றேயாயிருந்தும் விளைவு வேறாயிற்று; முதலிலும் மூன்றாவதிலும் பொருள்கள் வேறாயிருந்தும் கைத்திறன் ஒன்றாயிற்று. எனவே, கடைசற் கைவினையை நலியச் செய்தது பிளாத்திக்கு என்னும் பொருளன்று, கையை வேண்டாத அச்சு உற்பத்தியும் ஆதரவின் இழப்புமே என்பது பெறப்படும்.

இம்முடிவு வெறும் ஏட்டளவிலான ஒன்றன்று. ஒரே வகைப் பொறியின் முன் நின்று, ஒரே வகைத் திறனைக் காட்டும் இருவருள், மேனாட்டிற் பிசினைக் கடைபவர் கலைஞர் எனப்படுகின்றார். அவர் கலம் காட்சிக்கூடத்தில் வைக்கப்படுகின்றது. அங்கல்மடுவவிலும் அம்பாசமுத்திரத்திலும் அரக்கைக் கடைபவர் பொம்மைக்காரர் எனப்படுகின்றார். அவர் பொருள் தெருவோரக் கடையிற் பேரம் பேசப்படுகின்றது. இவ்வேறுபாட்டுக்குத் திறனின் உயர்வு தாழ்வு காரணமாகாது. முன்னையவரின் அறிவு நூல்களாகவும் சங்கங்களாகவும் வகுப்புகளாகவும் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. பின்னையவரின் அறிவோ அவர் கையோடு பிறந்து கையோடு மறைகின்றது.

ஆனந்தக் குமாரசுவாமி தொடங்கிய பதிவுப் பணி, அதன் பின்னர் இரசாயனமும் பொறியியலும் வரலாறும் ஒருங்கே கற்பிக்கப்படும் பல்கலைக்கழகங்கள் நாட்டில் எழுந்த நிலையிலும், அதே முழுமையோடு தொடரப்படவில்லை. எந்த அழுத்தத்தில் அரக்கு உருகும், எந்த மரம் அதனை விடாது பற்றும், எந்த நிறம் குழந்தைக்குப் பாதுகாப்பானது என்பன கைவினைஞர் மட்டுமே விடை கூறவல்ல வினாக்களாக உள்ளன. அவ்விடைகளைக் கேட்டுப் பதிவதும், ஆய்வுகூடத்திற் சோதிப்பதும், சோதித்ததை அவர்களிடமே திருப்பிக் கொடுப்பதும் கல்வியுலகின் கடமையாகும். பிளாத்திக்கைப் பழித்து மரத்தைப் புகழ்வதால் ஒரு பட்டறையும் திறக்கப்படப் போவதில்லை. இரண்டையும் ஒருங்கே ஆளத் தெரிந்த கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. அவற்றின் அறிவை அறிவாக ஏற்பதே இத்துறையில் முதலிற் செய்யத்தக்கதாகும்.